யுத்தம் எப்போது முடிந்தது?

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகங்களில் ஒவ்வொரு யுத்தத்துக்கும் இரண்டு வருஷங்கள் உண்டு. ஒன்று யுத்தம் தொடங்கிய வருஷம். மற்றொன்று முடிந்த வருஷம். இடையே ஒரு சிறு கோடு. 1914-க்கும் 1918-க்கும் நடுவே அந்தக் கோட்டைக் கரும்பலகையில் இழுத்துவிட்டு, பிள்ளைகள் அதை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக் கொள்ளுகிறார்களா என்று பார்ப்பது நம்முடைய தொழில். பரீட்சையில் 'நவம்பர் மாதம் 11-ந் தேதி' என்றும் சேர்த்து எழுதிய பையனுக்கு முழு மார்க்கும் கொடுத்து விடுகிறோம். அன்றைய தினம் பகல் 11 மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தது உண்மைதான். ஆனால் யுத்தம் என்பது பீரங்கி முழங்கும் இடத்தில் மாத்திரந்தானா நடக்கிறது?

1921-ம் வருஷத்தில், அதாவது நம் புஸ்தகத்தின்படி யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழிந்த பிறகு, பிரிட்டனில் சுமார் 65,000 மாஜி சிப்பாய்கள் நரம்பு வியாதியின் பொருட்டுச் சர்க்காரிடம் பென்ஷன் வாங்கிக் கொண்டிருந்தார்கள். கை இழந்தவர், கண் இழந்தவர் கணக்கு வேறு. இவர்களில் பலருக்கு உடம்பிலே வெளிக்குத் தெரியும் குறை ஒன்றும் கிடையாது. ரயிலிலிருந்து இறங்கி, சொந்தக் கால்களால் நடந்து, தம் வீட்டுக் கதவைத் தாமே தட்டியவர்கள். 'முழுசாக வந்து சேர்ந்தானே!' என்று தாயார் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாள். அன்று இரவுதான் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அந்த வீடுகளைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் கொஞ்சம் பேசலாம் என்று உத்தேசிக்கிறோம்.

வியாதிக்குப் பெயர் வைப்பது வைத்தியருடைய வேலை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இந்த வியாதிக்குப் பெயர் வைத்ததிலே சேனாதிபதிகளுக்கும் பங்கு உண்டு. கஜானா அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. 1915-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் சார்லஸ் மையர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் மனோதத்துவ நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். பிரான்ஸிலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று சிப்பாய்களைப் பற்றியது அது. பக்கத்தில் பீரங்கிக் குண்டு வெடித்த பிறகு அவர்களுக்கு ஞாபகம் தவறியது, பார்வை மங்கியது, வாசனையும் ருசியும் தெரியாமற் போயின. சிப்பாய்களிடையே ஏற்கெனவே வழங்கிய பெயரையே அவர் கட்டுரைத் தலைப்பில் உபயோகித்தார்: 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி. பெயர் தீப்போல் பரவியது. ஊமையானவன், காரணமின்றிக் கால் விளங்காமற் போனவன், கை நடுக்கம் நிற்காதவன், தூங்கப் பயப்படுகிறவன் எல்லோருக்கும் அதே பெயர்.

வெடியின் வேகம் மூளையைக் குலுக்கியதால் வந்த வியாதி என்றுதான் முதலில் எண்ணினார்கள். அப்படியே இருந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாயிருந்திருக்கும். குண்டினால் வந்தது என்றால் அது காயம்; காயத்தில் அவமானம் இல்லை. ஆனால் கிட்டத்தில் ஒரு குண்டும் வெடிக்காதவர்களும் அதே விதமாக வந்து சேர்ந்தார்கள். நாட்கணக்காகச் சேற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்து, நகரவும் முடியாமல், அடுத்த குண்டு எங்கே விழும் என்று எதிர்பார்த்திருந்ததே போதுமானதாயிருந்தது. இங்கேதான் ராணுவத்துக்குச் சங்கடம் உண்டாயிற்று. அவர்கள் கண்ட வழி இது: நோயாளியின் சீட்டில், குண்டு வெடித்ததால் வந்தது என்றால் 'டபிள்யூ' என்ற எழுத்து, இல்லையேல் 'எஸ்' என்ற எழுத்து. முதல் எழுத்துப் பெற்றவன் காயம்பட்ட வீரன். சட்டைக் கையில் அதற்குரிய பட்டை தைத்துக் கொள்ளலாம். இரண்டாம் எழுத்துப் பெற்றவன் வெறும் நோயாளி. பட்டையும் இல்லை, பெருமையும் இல்லை. இருவருக்கும் கை ஒரே மாதிரிதான் நடுங்கியது.

1917-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்தப் பெயரே முன்னணியில் வேண்டாம் என்று உத்தரவாயிற்று. அது முதல் இவ்விதம் வருகிறவன் சீட்டில் 'நரம்புக் கோளாறு, இன்னும் நிச்சயிக்கப்படவில்லை' என்று எழுதவேண்டியது. யுத்தம் முடிந்த பின், ஸவுத்பரோ பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. 1922-ல் வெளியான அதன் அறிக்கை, 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை அடியோடு கைவிட வேண்டும் என்றும், மனம் உடைந்து போனவர்களை யுத்தத்தில் காயமடைந்தோர் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் சொல்லிற்று. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இவ்வியாதியென்று பதிவானவர்கள் சுமார் 80,000 பேர். சொல்லை எடுத்துவிட்டார்கள், 80,000 பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவரவர் வீட்டில்தான்.

சொல்லிலே இருந்த பேதம் சிகிச்சையிலும் இருந்தது. உத்தியோகஸ்தன் ஒருவன் இவ்விதம் ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்றார்கள். களைத்துப் போன கனவான் என்பது அதன் பொருள். சாதாரணச் சிப்பாய்க்கு 'ஹிஸ்டீரியா' என்றார்கள். அது அக்காலத்தில் பெண்களுக்குச் சொல்லுகிற வியாதி. லண்டன் குவீன் ஸ்குவேர் ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெல்லண்ட் என்ற வைத்தியர் இருந்தார். 1918-ல் தம் சிகிச்சை முறையைப் பற்றி ஒரு புஸ்தகமே வெளியிட்டார். அதில் வரும் ஒரு நோயாளி 24 வயதுச் சிப்பாய். மான்ஸ் சண்டை முதற்கொண்டு பெரிய சண்டைகள் பலவற்றில் இருந்தவன். ஒன்பது மாதமாகப் பேச்சில்லை. அவனை இருட்டறைக்கு அழைத்துச் சென்று, கதவைப் பூட்டி, பேசினால் ஒழிய வெளியே போக முடியாது என்று சொல்லி, தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சினார் வைத்தியர். நான்கு மணி நேரம் ஆயிற்று. பேச்சு வந்தது. வைத்தியர் அதை வெற்றியாகவே எழுதி வைத்திருக்கிறார். அவன் நாவை அடைத்தது எது என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. பிரம்பைக் காட்டிப் பாடம் ஒப்பிக்கச் சொல்லும் உபாத்தியாயர்களை நாமும் பார்த்திருக்கிறோம். பையன் ஒப்பித்தும் விடுவான். அதற்குப் பெயர் படிப்பா?

இருட்டறைக்குப் போனவனையாவது அதிர்ஷ்டசாலி எனலாம். அதற்கும் போகாமல் விடியற்காலையில் கம்பத்தில் கட்டப்பட்டவர்கள் உண்டு. சேனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகத் தம் சேனையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. அவர்கள் எல்லோரும் இவ்வியாதிக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சிலரைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒருவன் 1915-ல் 'ஷெல் ஷாக்' என்று ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தவன். கை நடுக்கத்தால் எழுத முடியாமல், மனைவிக்கு நர்ஸைக் கொண்டு கடிதம் எழுதுவித்தான். குணமாயிற்று என்று திருப்பி அனுப்பினார்கள். 1916-ல் ஸோம் நதிக்கரைச் சண்டையின்போது, 'இனி என்னால் முடியாது' என்று நின்றுவிட்டான். அக்டோபர் மாதத்தில் சுடப்பட்டான்.

அவனுடைய கதை அத்துடன் முடிந்திருந்தால் அதைப் பற்றி இங்கே எழுதியிருக்க மாட்டோம். அவனுக்கு இளம் மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். மனைவிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. குடியிருந்த இடமும் போயிற்று. பிறர் வீட்டில் வேலைக்குப் போனாள். கணவன் எப்படி இறந்தான் என்பதை வெளியே சொல்ல முடியாத அவமானமாக நெஞ்சில் பூட்டி வைத்துக் கொண்டாள். பெற்ற மகளுக்குக்கூட, அவள் நடுவயதை எட்டும் வரையில் உண்மை தெரியாது. தெரிந்த பிறகு அந்த மகள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் வரையில் சென்றார்; 2006-ல் மன்னிப்பு வந்தபோது அந்த அம்மாளுக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. ஸ்டாபோர்ட்ஷயரில் ஆல்ரீவாஸ் என்னுமிடத்தில் 2001-ல் ஒரு ஞாபகச் சின்னம் வைத்திருக்கிறார்கள். கண் கட்டப்பட்ட ஓர் இளைஞனின் சிலை. அதன் பின்னே 306 மரக் கம்பங்கள். கம்பங்களை எண்ணலாம். அக்கம்பங்களின் பின்னால் எத்தனை அடுப்பங்கரைகளில் எத்தனை பேர் வாய் திறவாமல் இருந்தார்கள் என்பதை யாரால் எண்ண முடியும்?

இனி, கொஞ்சம் ஆறுதல் தருகிற ஒருவரைப் பார்ப்போம். நம் நேயர்களுக்கு அவர் அந்நியரும் அல்ல. உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்கள் தோடர்களின் மந்துகளையும், வளைந்த கூரைக் குடிசைகளையும் பார்த்திருப்பார்கள். 1901-1902-ல் அவர்களிடையே வந்து தங்கி, ஒவ்வொரு குடும்பத்திலும் தகப்பன் யார், பாட்டன் யார், யார் யாரை மணந்தார் என்று பொறுமையாக விசாரித்து எழுதிக் கொண்ட ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ரிவர்ஸ். 1906-ல் வெளியான அவருடைய 'தோடர்கள்' என்ற பெரும் புஸ்தகத்தில் அந்த வம்சாவளிகள் பட்டியல் பட்டியலாக இருக்கின்றன. நீலகிரியில் உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்கப் பழகிய அதே ரிவர்ஸ்தான், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற ஆஸ்பத்திரியில் மனம் உடைந்த ராணுவ உத்தியோகஸ்தர்களுக்கு வைத்தியரானார். பேச்சுத் திக்கும் நோயாளிகள் அவரிடம் பலர் வந்தனர். அவருக்கே சிறு வயது முதல் திக்குவாய் என்பதை இங்கே குறிப்பிடலாம்.

அங்கு வந்தவர்களுக்கு அதற்கு முன்பு எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றே: 'நடந்ததை மறந்துவிடு, அதைப் பற்றி நினைக்காதே, நல்ல புஸ்தகம் படி, இயற்கைக் காட்சியைப் பார்.' வைத்தியர் சொன்னார், பந்துக்கள் சொன்னார்கள், சிநேகிதர்கள் சொன்னார்கள். நோயாளியும் பகலெல்லாம் பாடுபட்டு நினைவைத் தள்ளி வைத்திருப்பான். இரவில் விளக்கை அணைத்ததும், பகலில் தள்ளி வைத்தது அத்தனையும் வந்து கட்டிலின் மீது உட்காரும். 1917 டிசம்பரில் லண்டன் வைத்தியர் சபையில் ரிவர்ஸ் இதைப் பற்றியே பிரசங்கம் செய்தார். யுத்த அனுபவத்தை அமுக்கி வைப்பதுதான் பல நோயாளிகளுக்குக் கேடு என்றார். அதற்காக அதையே சதா நினைத்துக் கொண்டிரு என்றும் அவர் சொல்லவில்லை. சகிக்கக் கூடிய ஒரு பக்கத்தை அந்த நினைவிலே கண்டுபிடித்து, அதை நேருக்கு நேர் பார்க்க உதவவேண்டும் என்பது அவர் முறை.

அவர் சொன்ன ஓர் உதாரணம் நம்மால் மறக்க முடியாதது. ஓர் இளம் உத்தியோகஸ்தன் தன் நண்பனைத் தேடிப் போய், குண்டினால் துண்டு துண்டாய்ச் சிதறிய உடலைக் கண்டான். அது முதல் ஒவ்வோர் இரவும் அந்த நண்பன் கனவிலே அவனை நோக்கி ஊர்ந்து ஊர்ந்து வருவான். ரிவர்ஸ் அவனிடம் ஒன்றுதான் எடுத்துச் சொன்னார்: உடல் அவ்விதம் சிதறியிருந்தால், உன் நண்பன் அந்தக் கணமே இறந்திருக்கிறான், ஒரு நிமிஷம்கூடத் துன்பப்படவில்லை. இளைஞன் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே இல்லை. பிறகு ஒரு நாள் மறுபடி கனவு வந்தது. ஆனால் இம்முறை அவன் பயந்து விழிக்கவில்லை. கனவிலே நண்பனின் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவனுடைய சாமான்களை எடுத்தான். விழித்தபோது பயம் இல்லை, துக்கம் இருந்தது. பயத்தைத் துக்கமாக மாற்றியதுதான் சிகிச்சை! வேறொரு நோயாளியின் விஷயத்தில் சகிக்கக் கூடிய பக்கம் எதுவுமே தமக்கு அகப்படவில்லை என்பதையும் ரிவர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவரிடம் நமக்கு மதிப்பு உண்டானது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியின் நோக்கம் என்ன என்பதை மறந்துவிடக் கூடாது. குணப்படுத்துவது திருப்பி அனுப்புவதற்காக. 1917-ல் ஸிக்பிரிட் ஸாஸூன் என்ற கவிஞர், வீரப் பதக்கம் பெற்ற உத்தியோகஸ்தர், யுத்தத்தை நிறுத்தச் சக்தியுள்ளவர்களே அதை வேண்டுமென்று நீட்டுகிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். ஜூலை மாதத்தில் அது பார்லிமெண்டில் வாசிக்கப்பட்டது. ராணுவ விசாரணை நடத்தினால் ஊர் சிரிக்கும். ஆகவே அவருக்கு நரம்புக் கோளாறு என்று முடிவு செய்து கிரெய்க்லாக்கார்டுக்கு அனுப்பினார்கள். நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிஜமாகவே நோயுற்ற சிப்பாயைக் கோழை என்றார்கள். துணிந்து உண்மை சொன்னவரை நோயாளி என்றார்கள். சர்க்கார் கையில் அகராதி இருந்தால் எந்தச் சொல்லுக்கும் எந்தப் பொருளும் வரும் என்பது நம் தேசத்தார் அறியாதது அல்ல.

ஸாஸூன் அங்கே சந்தித்தவர் வில்பிரட் ஓவன். அவரும் கவிஞர், ஆஸ்பத்திரியார் நடத்திய பத்திரிகைக்குச் சில காலம் ஆசிரியர். இருவரும் தேறிப் போர்முனைக்குத் திரும்பினார்கள். ஸாஸூன் தலையில் காயத்துடன் மீண்டு 1967 வரையில் வாழ்ந்தார். ஓவன் 1918 நவம்பர் 4-ந் தேதி, ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில், 25-வது வயதில் இறந்தார். செய்தி கொண்டுவந்த தந்தி ஷ்ரூஸ்பரியிலிருந்த அவர் பெற்றோருக்குக் கிடைத்தது நவம்பர் 11-ந் தேதி; சமாதானம் வந்துவிட்டதென்று மாதா கோயில் மணிகள் அடித்துக் கொண்டிருந்த நாள். 1920-ல் அந்தத் தாயார் ஸூஸன் ஓவன், ரவீந்திரநாத தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாக விடைபெற்ற தினத்தில் மகன் தன்னிடம் தாகூரின் வரிகளைச் சொல்லிவிட்டுப் போனான் என்றும், திரும்பி வந்த அவனுடைய பாக்கெட் புஸ்தகத்தில் அவ்வரிகள் அவன் கையெழுத்திலேயே தாகூரின் பெயருடன் இருந்தன என்றும் எழுதி, அவை எந்தப் புஸ்தகத்தில் இருக்கின்றன என்று கேட்டிருந்தார். 'கீதாஞ்சலி'யில் உள்ளவை அவை. ஆளும் ஜாதி, ஆளப்படும் ஜாதி என்ற வித்தியாசமெல்லாம் அந்தக் கடிதத்தில் எங்கே இருக்கிறது!

வீட்டிலிருந்தவர்களைப் பற்றி வைத்திய நூல்கள் அந்நாளில் அதிகம் பேசவில்லை. சர்க்கார் பேசியது, ஆனால் வேறு விதமாக. 1914 அக்டோபரிலேயே, சிப்பாய்களின் மனைவிமாருக்குக் கொடுக்கும் குடும்பப் படியை, நடத்தை சரியில்லாதவர்களுக்கு நிறுத்துவதற்காக அவர்களைப் போலீஸாரைக் கொண்டு கவனிக்க ஏற்பாடாயிற்று. அவள் ஒழுங்காயிருக்கிறாளா என்று பார்க்க ஆள் இருந்தது; அவள் தூங்கினாளா என்று கேட்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் நம்முடைய பழைய புலவர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். மாணாக்கர்களுக்கு வீரத்தாயின் கதைகளைப் புறநானூற்றிலிருந்து எடுத்துச் சொல்வது வழக்கம். முன்தினம் தமையனையும், நேற்று கணவனையும் இழந்து, இன்று ஒரே மகனையும் வேல் கொடுத்து அனுப்பியவள் கதையைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மகனை அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குள் சென்று என்ன செய்தாள் என்று எந்தப் பையனும் கேட்டதில்லை. ஆனால் நப்பூதனார் கேட்டிருக்கிறார். 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டில், பாசறையில் அரசன் தூக்கமின்றிக் கிடக்கிறான். காயம்பட்ட யானைகளையும், தனக்காக இறந்த வீரர்களையும் எண்ணி எண்ணி நொந்து போகிறான். வீட்டிலே அரசி, தேற்றுவார் தேற்றியும் தேறாமல், அவளும் உறங்காமல் கிடக்கிறாள். இரண்டு இடத்து விழிப்பையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். லண்டன் கமிட்டியார் முல்லைப்பாட்டுப் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் முல்லைப்பாட்டில் அரசன் தேரேறி வெற்றியுடன் வந்துவிடுகிறான். தேரொலி கேட்டதோடு பாட்டு முடிகிறது. தேரிலிருந்து இறங்கியவன் அதன்பிறகாவது தூங்கினானா என்பதைப் புலவரும் விட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேட ஆரம்பித்தது வெகு காலம் கழித்து, அதுவும் அமெரிக்காவில். வியத்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்காகப் பரிந்த சில வைத்தியர்களும் பல வருஷம் போராடியதன் பலனாக, 1980-ல் அமெரிக்க மனோவியாதி வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு நிரந்தரப் பெயர் கிடைத்தது. சுருக்கமாக 'பி.டி.எஸ்.டி.' என்கிறார்கள், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு என்று சொல்லலாம். பின்னர் அமெரிக்கக் காங்கிரஸின் கட்டளையின்பேரில் ஒரு பெரிய விசாரணை நடந்தது. 1973-ல் அமெரிக்கப் படைகள் வியத்நாமை விட்டு வந்துவிட்டன. 1988-ல் தெரிந்த முடிவு: அங்கே சென்று வந்த ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு, அதாவது சுமார் 4,79,000 பேருக்கு, அப்போதும் இந்த வியாதி இருந்தது. அந்த விசாரணையில் ஒரு விசேஷம்: சிப்பாய்களோடு நிற்காமல், பலருடைய மனைவிமாரையும் தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். வியாதி உள்ள வீடுகளில் சண்டையும் அடிதடியும் அதிகம், மனைவியின் மனநிலையும் கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி வேண்டுமா என்று எந்தப் பாட்டியும் கேட்பாள். வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. பாட்டி சொன்னால் கஜானாவிலிருந்து பணம் வருவதில்லை.

கடைசியாக நம்மவர்கள். 1914-1918 யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அதில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய சென்னைப் பட்டாளம் ஒன்றும் உண்டு. 63-வது பாளையங்கோட்டை இன்பென்டிரி. கிட்டத்தட்ட ஒரு மாதம் கப்பலில் அடைபட்டுக் கிடந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கி, 1914 நவம்பர் 4-ந் தேதி யந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே நடத்தப்பட்டது அந்தப் பட்டாளம். அது சிதறி ஓடிற்று. ஆங்கிலேயர் எழுதிய சரித்திரங்களில் அந்த ஓட்டம் ஏளனத்துடன் சொல்லப்படுகிறது. அன்று மரங்களுக்கு இடையே ஓடியவர்கள் பிற்பாடு எத்தனை இரவுகள் ஓடினார்கள் என்பதை எந்த வைத்தியரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு ஒரு ரிவர்ஸ் கிடைக்கவில்லை.

பிரான்ஸுக்குப் போன பாஞ்சாலத்தவர், கடுவாலியர், கூர்க்கர் முதலியோருக்கு இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஓர் அரச மாளிகையையே ஆஸ்பத்திரியாக்கி, அதன் படங்களை ஊரெல்லாம் பரப்பினார்கள். கையிலே காயத்துடன் வந்த சிப்பாய்களைப் பார்த்து, இவர்கள் தாமே சுட்டுக் கொண்டவர்களோ என்று மேலதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அதே நகரத்துக் கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைவர் ஸர் புரூஸ் ஸீடன், 1915-ல் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். மனம் என்ன ஆயிற்று என்பது அவருக்கு இடப்பட்ட கேள்வி அல்ல. காயம் ஆறியவர்கள் மறுபடி முன்னணிக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு தடவை காயப்பட்டவனையும் விடமாட்டேன் என்கிறார்களே என்ற ஏக்கம் அவர்களுடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் கடிதங்கள் நமக்குத் தெரிய வந்ததே ஒரு விநோதம். சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவனிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அதைப் பட்டாளத்தில் ஒருவர் பார்ப்பார். பிறகு தணிக்கை அதிகாரி பார்த்து, முக்கியமான பகுதிகளை இங்கிலீஷில் பெயர்த்து அறிக்கை அனுப்புவார். அந்த இங்கிலீஷ் பகுதிகள்தாம் இன்று லண்டன் நூல் நிலையத்தில் இருக்கின்றன. இத்தனை கண்களைத் தாண்டி ஒருவன் தன் பெண்டாட்டிக்கு 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று எப்படி எழுதுவான்? ஆகவே சமையலறைச் சாமான் பெயர்களில் எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் நம்மவர். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரர். கறுப்பு மிளகு வெகுவாகச் செலவாகிவிட்டது என்று ஒருவன் எழுதினால், எத்தனையோ பிணங்களைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். தணிக்கை அதிகாரிக்கு அந்தத் தந்திரம் புரிந்துதான் இருந்தது.

ஊரில் வந்து சேர்ந்த கடிதத்தையும் அவள் தானே படித்துக் கொள்ள முடியாது. தபால்காரர் படித்துச் சொல்வார். இல்லாவிட்டால் நம்மைப் போன்ற உபாத்தியாயர் யாராவது படித்திருப்பார். சுற்றிலும் மாமனார், மைத்துனர், அண்டை அயலார். மிளகு தீர்ந்து வருகிறது, இனி மிச்சம் கொஞ்சந்தான் என்று உபாத்தியாயர் உரக்க வாசித்திருப்பார். கடல் கடந்து போனவனுக்கு மிளகைப் பற்றி என்ன கவலை என்று யாராவது சிரித்துமிருக்கலாம். அவள் கதவோரத்தில் நின்று, அந்த வரியை மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொல்லியிருப்பாள்.